ஜிஸ்ட் அட்டை: கணினித் திரையில் தமிழ் எழுத்து

ஜிஸ்ட் அட்டை என்பது, ஆங்கில எழுத்துகளை மட்டுமே காட்டக்கூடியதாக இருந்த தனிநபர் கணினிகளில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் காட்டுவதற்காக இந்தியாவில் உருவாக்கப்பட்ட வரைகலை அட்டை ஆகும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் நடந்த ஆய்விலிருந்து இது பிறந்தது. பின்னர் புனேயிலுள்ள சி-டாக் எனப்படும் உயர்கணினி வளர்ச்சி மையத்தின் வழியாகப் பயன்பாட்டுக்கு வந்தது. கிராபிக்ஸ் அண்ட் இன்டெலிஜென்ஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் டெக்னாலஜி என்னும் நீண்ட பெயரின் சுருக்கமே ஜிஸ்ட்.

வன்பொருளாக இந்த அட்டை வாழ்ந்த காலம் குறுகியது. விண்டோசு பரவியதும் அதன் தேவை முடிந்துவிட்டது. ஆயினும் எழுத்தை எப்படிச் சேமிப்பது, எப்படி வரைவது என்பதில் அது பின்பற்றிய முறை இன்றைய யூனிக்கோட்டிலும் கைப்பேசிகளிலும் தொடர்கிறது. அம்முறை தமிழின் இயல்புக்கு ஏற்றதுதானா என்னும் வழக்கும் கூடவே தொடர்கிறது.

தமிழ் எழுத்து ஒரு புதிய எந்திரத்துக்குள் நுழைந்தது இது முதன்முறை அன்று. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு அச்சு எந்திரம் வந்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. அந்தக் கதையில் தூத்துக்குடிக் கடற்கரைக்கு முக்கிய இடம் உண்டு.

முத்துக்குளித்துறையில் ஒரு முன்கதை

தூத்துக்குடி நகரின் வடபகுதியில் கடலை ஒட்டி அமைந்தது திரேஸ்புரம். வள்ளங்களில் மீன்பிடிப்போரும் சங்கு குளிப்போரும் வாழும் துறை இது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரை முழுவதும் முத்துக்குளித்துறை என்னும் ஒரே பெயரால் அறியப்பட்டது.

1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் சிறுநூல் அச்சாயிற்று. கார்த்தில்யா என்று அழைக்கப்படும் அந்நூலில் சொற்கள் தமிழ், எழுத்துகளோ உரோமன். அச்சகத்தில் தமிழ் எழுத்து வார்ப்புகள் இல்லாததால், இருந்த எழுத்துகளைக் கொண்டே தமிழை எழுதவேண்டியதாயிற்று. தமிழுக்கென்று தனி வார்ப்புகள் 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் உருவாயின. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கங்கள் கொண்ட நூல் அது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1586இல், அவருடைய ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது. இந்த முயற்சிகளுக்குக் கடற்கரைப் பரதவர் சமூகம் பொருளுதவி செய்தது.

முதலில் உரோமன் எழுத்தில் தமிழ், பிறகு தமிழுக்கெனத் தனி வார்ப்பு என்ற இதே வரிசை கணினியிலும் திரும்ப நிகழ்ந்தது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அச்சுக்கோப்பவரின் எழுத்துப் பெட்டியில் இடம் போதவில்லை என்றால் இன்னும் சில அறைகளைத் தச்சரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். கணினியின் எழுத்துப் பெட்டியோ ஒரு சில்லுக்குள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருந்தது.

256 அறைகள்

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியில் எழுத்துகளைத் திரையில் வரைந்தது கணினியின் மையச் செயலி அன்று. அதனுடன் செருகப்பட்ட காட்சி அட்டைதான். திரை 80 நிரல்களும் 25 வரிகளுமாக, 2000 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட்டுகள் உண்டு. ஒன்று எந்த எழுத்து என்பதற்கான எண், மற்றொன்று அதன் தோற்றம் பற்றிய குறிப்பு. நினைவகத்தில் 65 என்று எழுதினால் அட்டை தன் நிலைநினைவகச் சில்லிலிருந்து ஆங்கிலத்தின் முதல் பேரெழுத்தின் வடிவத்தை எடுத்துப் புள்ளிகளாக வரையும். வடிவம் எப்படியிருக்கும் என்பது இயங்கும் நிரலுக்குத் தெரியவே தெரியாது.

அந்தச் சில்லில் இருந்தவை 256 வடிவங்கள் மட்டுமே. கறுப்பு வெள்ளை அட்டையில் ஒரு கட்டத்தின் அளவு அகலத்தில் 9 புள்ளி, உயரத்தில் 14 புள்ளி. வண்ண அட்டையில் அகலமும் உயரமும் 8 புள்ளிதான். எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரத்தையோ ஞகரத்தையோ படிக்கும்படி வரைவது பெரும்பாடு. ஈகாரக் கொக்கி மேலேயும் ஊகார வளைவு கீழேயும் இடம் கேட்கும்.

இந்த நெருக்கடி தமிழருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் ஐபிஎம் கணினியில் எழுத விரும்பினார். வண்ண அட்டையின் தெளிவு அதற்குப் போதவில்லை. ஆகவே 720க்கு 348 புள்ளிகள் காட்டும் அட்டை ஒன்றை 1982இல் அவரே உருவாக்கினார். அதுவே உலகெங்கும் விற்பனையான ஹெர்குலிஸ் வரைகலை அட்டை. மேலை நாட்டு அலுவலகங்கள் அதைக் கணக்கு வரைபடங்களுக்காக வாங்கின. அதன் பிறப்புக்குக் காரணம் ஓர் ஆசிய எழுத்து என்பது பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஹெர்குலிஸின் கதை மற்றொன்றையும் காட்டுகிறது. புள்ளி புள்ளியாக எதையும் வரையக்கூடிய அட்டை கிடைத்துவிட்டாலும், அதை இயக்கத் தெரிந்த இயக்கி மென்பொருள் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக வேண்டும். லோட்டஸ் 1-2-3 போன்ற நிரல் அந்த அட்டையை ஏற்றுக்கொண்டதால்தான் அது விலைபோனது. 1986இல் வந்த ஹெர்குலிஸ் பிளஸ் அட்டையில் பயனரே வடிவமைக்கும் 3072 வடிவங்களை ஏற்றலாம். 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு அது தாராளமான இடம். ஆனால் அந்த 3072 அறைகளைப் பயன்படுத்தத் தெரிந்த நிரல் இருந்தால்தானே! ஐபிஎம்மின் அடுத்தடுத்த அட்டைகளான ஈஜிஏவும் விஜிஏவும் (1984, 1987) எழுத்து வடிவங்களை மாற்ற இடம் கொடுத்தன. ஆனால் ஒரே நேரத்தில் 512க்கு மேல் இல்லை.

கணினி ஆர்வலர்கள் காத்திருக்கவில்லை. 1980களின் நடுவிலேயே கனடாவில் முனைவர் சீனிவாசனின் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ ஆகிய தமிழ் மென்பொருள்கள் தோன்றிவிட்டன. இவை தனி அட்டை எதையும் கேட்கவில்லை. அது அவற்றின் பலம். ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறக்க முடியாது.

கான்பூரிலிருந்து புனேக்கு

கான்பூரில் பேராசிரியர் ஆர். எம். கே. சின்கா தேவநாகரி எழுத்துக்கான கணினி முனையங்கள் பற்றி ஏற்கனவே ஆராய்ந்துவந்தார். அந்த ஆய்வின் பயனாக உருவான தேவநாகரிக் கணினி 1983இல் தில்லியில் நடந்த மூன்றாவது உலக இந்தி மாநாட்டில் காட்டப்பட்டது. மோகன் தாம்பே இந்தத் தொழில்நுட்பத்தை ஜிஸ்ட் என்னும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர். ஒரு மொழிக்குச் செய்ததைப் பிராமியிலிருந்து பிறந்த எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக்க முடியும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து.

1988இல் சி-டாக் நிறுவப்பட்டது. மீக்கணினி ஒன்றை இந்தியாவிலேயே உருவாக்குவது அதன் முதல் குறிக்கோள். 1991இல் பரம் 8000 வெளிவந்தது. ஜிஸ்ட் குழுவும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. நாளிதழ்களின் தலைப்புகள் பரமுக்குப் போயின. எழுத்தரின் மேசைக்குச் சென்றது ஜிஸ்ட்தான்.

அட்டைக்கு இணையாக இரண்டு தரப்பாடுகள் வளர்ந்தன. ஒன்று 1986இல் மத்திய மின்னணுவியல் துறை ஏற்ற இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே விசை அமைப்பு, இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய் என்பது அதன் திட்டம். மற்றொன்று இஸ்கி என்னும் குறிமுறை. 1983 முதல் சிலமுறை திருத்தப்பட்டு, 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13194 என்ற தரமாக அது நிலைபெற்றது.

அட்டை செய்த வேலை

இஸ்கியில் 256 எண்களில் முதற்பாதி ஆங்கிலத்துக்கு, பிற்பாதி இந்திய எழுத்துகளுக்கு. க என்பதற்கு இந்தி, தமிழ், தெலுங்கு எதுவானாலும் ஒரே எண். முத்துக்குப் பேர்போன பழைய துறைமுகமான கொற்கையின் பெயரை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது மூன்று எழுத்து: கொ, ற், கை. இஸ்கியில் அது ஆறு எண்கள்: க, ஒகரக் குறி, ற, புள்ளி, க, ஐகாரக் குறி. ஒலிக்கும் வரிசையே சேமிக்கும் வரிசை.

ஆனால் எழுதும் வரிசை வேறு. கொ என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பு முதலில் வருகிறது, பிறகு க, அதன்பின் கால். கை என்னும்போது ஐகாரக் குறி ககரத்துக்கு முன்னே நிற்கிறது. புன்னைக்காயலின் அச்சுக்கோப்பவர் இந்த வரிசையில்தான் வார்ப்புகளை அடுக்கியிருப்பார். ஜிஸ்ட் அட்டை ஒலி வரிசையில் வந்த எண்களைப் படித்து, எழுத்து வரிசைக்கு மாற்றி, வடிவங்களைச் சேர்த்து வரைந்தது. பெயரிலுள்ள ‘இன்டெலிஜென்ஸ்’ இந்த வேலையைக் குறிப்பதுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டிபேஸ், வேர்டுஸ்டார் போன்ற நிரல்கள் வழக்கம்போலக் கட்டத்துக்கு ஓர் எண் என்று நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தன. அந்த எண்களின் பொருளை மாற்றியது அட்டை. எனவே ஹெர்குலிஸுக்கு நேர்ந்த சிக்கல் இங்கே இல்லை. ஒவ்வொரு நிரலுக்கும் இயக்கி எழுதவேண்டிய தேவை இல்லாமல், ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட தரவுத்தளத்திலேயே தமிழில் பெயர்ப்பட்டியல் ஏற்ற முடிந்தது.

முரண்பாடுகளும் இருந்தன. கொற்கைக்கு நிரல் ஆறு கட்டங்களை ஒதுக்கும். படிப்பவர் காண்பது மூன்று எழுத்து. இந்த இரண்டு கணக்குகளையும் ஒட்டவைப்பது அட்டையின் பொறுப்பாயிற்று. மேலும் ஐபிஎம் கணினியில் பிற்பாதி எண்கள் சில கட்டம் கட்டும் கோடுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நிரல் திரையில் கோடு வரைந்தால் அங்கே இந்திய எழுத்துகள் முளைத்துவிடும். இதைத் தவிர்க்கவே அந்தக் கோடுகளுக்குரிய எண்களை விட்டுவிட்டு எழுத்துகளை அடுக்கிய பிசி-இஸ்கி என்னும் மாற்று அமைப்பு வந்தது.

பொதுச் சட்டையும் தமிழ் உடலும்

எல்லா எழுத்துக்கும் ஒரே எண் என்பதால், இந்தியில் ஏற்றிய பட்டியலைத் தமிழ் எழுத்தில் பார்க்கவும் முடிந்தது. செயல்விளக்கங்களில் வியப்பூட்டும் வசதி இது. நடைமுறையில் ஒருவழிப் பாதை. ‘காந்தி’ என்று தமிழில் உள்ளிட்ட பெயர் இந்தியில் முதலெழுத்து வல்லொலியாக ‘கான்தி’ என்றே போய்ச்சேரும். தமிழின் ஒரே ககரம் இந்தியின் நான்கு ககரங்களில் எதுவென்று அட்டை எப்படி அறியும்?

அகரவரிசை இதைவிட ஆழமான சிக்கல். இஸ்கியின் எண்வரிசை தேவநாகரியைத் தழுவியது. தமிழின் ற, ழ, ன ஆகியவை தமக்கு நெருங்கிய ஒலிகளின் பக்கத்தில் செருகப்பட்டன. அதனால் னகரம் நகரத்தை அடுத்து வந்தது. ளகரம் ழகரத்துக்கு முந்தியது. தமிழ் அகராதியில் ‘வழி’க்குப் பிறகுதான் ‘வள்ளம்’. எண்வரிசைப்படி அடுக்கினால் வள்ளம் முந்திக்கொள்ளும். புள்ளிக்குத் தரப்பட்ட எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருந்ததால், அகராதியில் ககரத்துக்கு முன் நிற்கவேண்டிய க் கடைசிக்குத் தள்ளப்பட்டது. பெயர்ப்பட்டியல்களை அகரவரிசையில் தேடும் அலுவலகங்களுக்கு இது சிறிய குறை அன்று. தனி நிரல் எழுதித்தான் திருத்தவேண்டும்.

இருந்தாலும் இஸ்கியை இந்தித் திணிப்பாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. எகர ஒகரக் குறில்களுக்கும் ழகரத்துக்கும் அதில் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கியவர்கள் தமிழை மறந்தவர்கள் அல்லர். பொதுவாக ஒரு சட்டை தைத்தார்கள். அளவு எடுத்தது வேறொருவர் உடலில்.

அட்டை போய் இயக்கிகள் வந்தன

1992இல் வெளியான விண்டோசு 3.1 திரை முழுவதையும் படமாகவே வரைந்தது. ட்ரூடைப் எழுத்துருக் கோப்பு ஒன்று இருந்தால் எந்த வடிவத்தையும் எந்த அளவிலும் காட்டலாம். கட்டங்கள் போயின, அவற்றோடு ஜிஸ்ட் அட்டையின் வேலையும் போயிற்று. வரைகலை அட்டைக்கு இனி எழுத்து என்று ஒன்று தெரியவேண்டியதில்லை, புள்ளிகள் மட்டும் போதும். சி-டாக் அட்டையின் அறிவை மென்பொருளுக்கு மாற்றியது. ஐ.எஸ்.எம். என்னும் மொழி இயக்கியும் லீப் ஆபீஸ் என்னும் சொற்செயலியும் இவ்வாறு வந்தவை.

இந்தக் காலம் தமிழ்க் கணிமையில் பெருங்குழப்பத்தின் காலமும் ஆகும். எழுத்துரு செய்வது எளிதானதால் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களைத் தமக்குத் தோன்றியபடி வைத்தனர். விசைப்பலகை இயக்கி அதற்கேற்ற எண்களை அனுப்பும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை மட்டுமே தெரியும். அக்காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட நூல்களும் இதழ்களும் அலுவலகக் கோப்புகளும் குறிமாற்றி இன்றி இன்றும் படிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசின் தரங்களாயின. இணையத்தில் உலகத் தமிழர் குழு உருவாக்கிய திஸ்கியும் அப்போது பரவியிருந்தது. கவனிக்கத்தக்கது என்னவென்றால், இவையெல்லாம் வடிவத்தைச் சேமிக்கும் குறிமுறைகள். திஸ்கியில் கொற்கையை எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். அதாவது அச்சுக்கோப்பவரின் வரிசைக்கே தமிழ்க் கணிமை திரும்பியிருந்தது. சி-டாக்கின் கருவிகளும் எழுத்துருக்களும் அடங்கிய இலவசத் தமிழ் மென்பொருள் குறுவட்டு 2005 ஏப்ரல் 15 அன்று சென்னையில் வெளியிடப்பட்டபோது யூனிக்கோட்டின் காலம் தொடங்கிவிட்டிருந்தது.

யூனிக்கோட்டில் இஸ்கியின் மறுபிறவி

1991இல் வெளியான யூனிக்கோட்டின் முதல் பதிப்பு இந்திய எழுத்துகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கியை அப்படியே அடிப்படையாகக் கொண்டது. மொழிக்கொரு தனிப்பகுதி கிடைத்தது என்பதே முக்கிய மாற்றம். உள்வரிசை மாறவில்லை, ளகரத்துக்குப் பின்தான் ழகரம். ஒலி வரிசையில் சேமித்து, வரையும்போது மாற்றி அடுக்கும் முறையும் மாறவில்லை. விண்டோசு 2000இல் யுனிஸ்கிரைப் என்னும் மென்பொருள் பகுதி அந்த வேலையைத் தமிழுக்குச் செய்தது.

எதிர்ப்பும் வந்தது. கொற்கை என்னும் மூன்றெழுத்துச் சொல் யூனிக்கோட்டில் ஆறு குறிகள். இணையத்தில் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 வடிவில் 18 பைட்டுகள். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்தால் ஆறு பைட்டுகளில் முடிந்துவிடும், அகரவரிசையும் தானே அமையும் என்று தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் வாதிட்டனர். அதன் விளைவே டேஸ் 16. 2010 சூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிக்கோட்டைத் தரமாக அறிவித்து, அது பொருந்தாத இடங்களில் டேஸ் 16ஐப் பயன்படுத்தலாம் என்றும் ஆணையிட்டது.

சேமிப்பிடம் பற்றிய வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. எண்ணிக்கை பற்றிய வாதம் அப்படியே இருக்கிறது. எழுத்துகளை எண்ணும் எளிய நிரலிடம் கொற்கையைக் கொடுத்தால் இப்போதும் ஆறு என்கிறது. பள்ளிக் குழந்தை மூன்று என்று சொல்லும்.

திரேஸ்புரத்துக் கைப்பேசி

கைப்பேசியில் இதே வரலாறு சுருக்கமாக மறுபடி நடந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தது. 2011இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.0க்குப் பிறகே நிலைமை சீரானது. இன்று ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான உலாவிகளிலும் எழுத்துகளை அடுக்கிச் சேர்ப்பது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். அது தயாரித்துக் கொடுக்கும் வடிவங்களைத்தான் வரைகலைச் சில்லு திரையில் நிரப்புகிறது.

கடற்கரைக்கு இதன் பயன் நேரடியானது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று, மீன்வளப் பகுதி பற்றிய அறிவிப்புகளை வட்டார மொழிகளில் தருகிறது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் நண்பன் செயலியும் தமிழில் இயங்குகிறது. திரேஸ்புரம் போன்ற துறைகளில் வள்ளத்தைக் கடலில் இறக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்பவர் பார்ப்பது இத்தகைய அறிவிப்பைத்தான். ‘கடல் கொந்தளிப்பு’ என்று ஒரு செய்தி வரும்போது ககரத்தின் பின்னால் வரும் ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் போய் நிற்கிறது. ஒரு காலத்தில் கணினியைத் திறந்து தனி அட்டை செருகிச் செய்த வேலை அது.